குற்றாலத்தில் ஆண்டுக்கு ஒன்பது மாதம்

1

மே மாதக் கடைசியில் ஒரு காலை, இட்லித் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து பன்னிரண்டு மெத்தைகள் இறங்கின. பின்னாலேயே பைக்கில் வந்தார் கோமதிநாயகம். நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் அவர். தென்காசியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். என்னைவிட வயதில் இளையவர்தான். ஆனாலும் இந்த ஊர் மரியாதைப்படி நான் அவரை அண்ணாச்சி என்கிறேன், அவர் என்னை அக்கா என்கிறார்.

“யக்கா, மெத்தய மட்டும் இப்பம் எறக்கி வச்சிக்கிடுதேன். நீங்க எப்பம் ஒதுங்குதிய?”

“எங்க ஒதுங்குறது?”

“சீசனுக்குத்தான். ஜூன் பத்துக்குள்ள குடுத்தியன்னா தோதா இருக்கும். சாரல் விழுந்துட்டுன்னா ஆளு வந்திரும்லா? ஆகஸ்ட் கழிஞ்சதும் நீங்க பாட்டுக்குத் திரும்பி வந்திரலாம். உங்க வீடுதானே!”

உள்ளே இருந்த என் கணவர் மணியம், “யாரு வந்திருக்காங்கலா?” என்று குரல் கொடுத்தார்.

“மெத்தை வந்திருக்கு” என்றேன். அதற்கு மேல் எனக்கே எதுவும் புரியவில்லை.

குற்றாலத்துக்கு அருவிக் குளியலுக்கு வருகிறவர்கள் விடுதியைவிட வீட்டைத்தான் விரும்புகிறார்கள். குடும்பமாக வந்து, எண்ணெய் தேய்த்துக் குளித்து, அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிட அதுதான் வசதி. அதனால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை எங்கள் தெருவில் எல்லா வீடுகளும் நாள் வாடகைக்குப் போய்விடும். மாத வாடகைக்கு இருப்பவர்கள் அந்த மூன்று மாதமும் வேறெங்காவது இருந்துவிட்டு வருவார்கள். இதை யாரும் எழுதி வைப்பதில்லை, புதிதாக வருபவருக்குச் சொல்வதும் இல்லை. ஐப்பசியில் மழை பெய்யும் என்று ஒப்பந்தத்தில் எழுதுவார்களா?

நான் வீடு பார்த்தது போன செப்டம்பரில். வாடகை மாதம் ஏழாயிரம் ரூபாய். மூன்று அறை, ஒரு கூடம், பின்கட்டில் கிணறு. நான் உடனே பன்னிரண்டால் பெருக்கினேன். இந்த ஊரில் வாடகைக்கு இருப்பவருக்கு ஆண்டுக்கு ஒன்பது மாதம்தான் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

2

மலேசியாவில் கிள்ளானிலும் பந்திங்கிலும் இருந்து இதைப் படிக்கும் உங்களில் சிலருக்கு எங்களைத் தெரியும். தெரிந்தவர்கள் எங்களைப் பற்றி என்ன சொல்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். “மணியமும் விஜயாவும் கையில காசில்லாம இந்தியாவுக்கு ஓடிட்டாங்க.” போன பொங்கல் ஒன்றுகூடலில் பேசியது இங்கே வந்து சேர மூன்று நாள்கூட ஆகவில்லை.

ஓடவில்லை. கணக்குப் பார்த்து வந்தோம். கையுறைத் தொழிற்சாலையில் சரக்குக் கிடங்கின் பொறுப்பாளராக இருந்தேன். ஆள்குறைப்பு வந்தபோது எனக்கு ஐம்பத்து மூன்று வயது. மணியம் அதற்கு முன்பே முழங்கால் வலியால் துறைமுக வேலையை விட்டிருந்தார். சேமநிதியில் இருந்ததை மாதச் செலவால் வகுத்துப் பார்த்தேன். விடை எங்கள் இருவரின் ஆயுளைவிடச் சிறியதாக வந்தது. மாற்றி மாற்றி வகுத்தேன். ஆஸ்ட்ரோ டிவியை நிறுத்தினேன், காரை விற்றேன், மீனைக் குறைத்தேன். அப்போதும் சிறியதாகத்தான் வந்தது.

இன்னொரு வழி இருந்தது. கிள்ளான் அடுக்குமாடி வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, அந்த வாடகையில் இங்கே வாழ்வது. சேமநிதியைத் தொடாமல் வைத்திருப்பது. மணியத்தின் தாத்தா அச்சன்புதூரில் இருந்து கப்பல் ஏறியவர். அந்த வழியில் எங்களுக்கு வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை அட்டை கிடைத்தது. பெயரில்தான் குடியுரிமை. ஓட்டுப் போட முடியாது, வயல் வாங்க முடியாது. வங்கியில் கணக்குத் திறக்கப் போனபோது அந்த அதிகாரி அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஆதார் இருந்தா ஈஸியா முடிஞ்சிரும் மேடம்” என்றார். அதன்பிறகு நான் போன எல்லா அலுவலகங்களிலும் இதையே சொன்னார்கள்.

ஆனால் சில இடங்களில் என்னிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. முதல் முறை தென்காசி டவுன் பஸ்ஸில் ஏறியபோது, பெண்களுக்கு இலவசம் என்பது வெளிநாட்டுக்காரிக்கும் பொருந்துமா என்று சந்தேகம். நியாயமாக நடத்துநரிடமே கேட்டேன்.

“யக்கா, பொம்பளையாளுக்கு டிக்கெட்டு ஃப்ரீ. பாஸ்போர்ட்டா கேட்டேன்? உள்ள தள்ளி நில்லுங்க!”

உழவர் சந்தையில் வாங்கும் காய்கறிக்குக் கிள்ளானில் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குகூட ஆவதில்லை. இதையெல்லாம் சொன்னால் நீங்கள் பொறாமைப்படுவீர்கள் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அருவிக்கரைக் கடையில் ரம்புத்தான் விலையைக் கேட்டு மணியம் அதிர்ந்துபோனார்.

“எங்க ஊர்ல இத அணில் கடிச்சிப் போட்டுரும், நாங்க கூட்டித் தள்ளுவோம்லா” என்றார் கடைக்காரரிடம்.

“அப்பம் அந்த அணிலுகிட்டயே வாங்கிக்கிடுங்க பெரியவரே. ஏலே, அன்னா அந்தச் சாருக்கு மங்குஸ்தான் போடு.”

பேச்சில் நாங்கள் தடுக்கி விழுவது அன்றாடம். எங்கள் வாக்கியத்தின் கடைசியில் மலேசிய ‘லா’ ஒட்டிக்கொண்டு வரும். காரை நாம் ‘காடி’ என்போம். இங்கே மாட்டுக்கு வைக்கும் புளித்த தண்ணீர்தான் காடி. மருத்துவமனைக்குப் போக ஒரு காடி வேண்டும் என்று மணியம் பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு வெகுநேரம் காத்திருந்தார். இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். மெத்தை விஷயம் அப்படி இல்லை. அதற்குக் காரணம் என் மகள்.

3

கிள்ளான் வீட்டை வாங்கும்போது என் வயதைக் காட்டி வங்கி தனிக்கடன் தர மறுத்தது. மகள் கவிதாவையும் சேர்த்துத்தான் வாங்கினோம். ஆகவே அங்கே குடியிருப்பவரின் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க அவள் கையெழுத்தும் வேண்டும். அது ஜூலையில் முடிகிறது. அந்த வாடகை நின்றால் நாங்கள் இங்கே இருக்க முடியாது.

கவிதா ஷா ஆலத்தில் இருக்கிறாள். நல்ல பெண். ஆனால் அவள் சுற்றத்தில் எல்லாருடைய பெற்றோரும் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு பிள்ளைகளோடு இருக்கிறார்கள். அவளுடைய பெற்றோர் மட்டும் இந்தியாவில். அது அவளுக்கு ஒரு குறை. பேரன் கணினித் திரையில் தலைகாட்டி, “பாட்டி, அங்க வைஃபை இருக்கா?” என்று கேட்பான். இருக்கிறது என்றால் அவனுக்கு மேற்கொண்டு கேட்க எதுவும் இருக்காது.

மெத்தை வந்த அன்றே மணியம் பேச்சுவாக்கில் அவளிடம் சொல்லிவிட்டார்.

“வீட்ட விட்டுப் போகச் சொல்றாங்களாம்மா?” என்றாள்.

“மூணு மாசத்துக்கு.”

“அதுக்கு என்னம்மா அர்த்தம்? வருஷம் பூரா இருக்க ஒரு வீடு இல்லாத ஊருல ஏம்மா இருக்கணும்? எங்க வீட்ல பின்னாடி ரூம் சும்மாதான் இருக்கு. உங்க ரெண்டு பேருக்கும் போதும். திரும்பி வாங்கலா.”

“ஜூலை கையெழுத்து?”

“அடுத்த வருஷத்துக்கு அங்க வீடு இருக்குன்னு அக்ரிமெண்ட் காட்டுங்க, போடுறேன். இல்லன்னா அந்த வீட்ட வித்துட்டு வந்துருங்க.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கோபமாக இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, வகுத்து, பெருக்கி, கடைசியில் சமையலறைக்குப் பின்னால் ஒரு அறை. பேரன் பள்ளி விட்டு வரும்போது பால் கலக்க வேண்டும். மாலையில் குரலைத் தாழ்த்திப் பேச வேண்டும். நான் பல வீடுகளில் அந்த அறையைப் பார்த்திருக்கிறேன். அங்கே துணி தேய்க்கும் பலகையும் உடைந்த சூட்கேஸும் இருக்கும்.

கோமதிநாயகத்திடம் ஒப்பந்தத்தைக் காட்டினேன். பதினொரு மாதம், ஜூலை முடிய.

“எழுதியிருக்கது சரிதான்க்கா. நான் இல்லங்கல. ஆனா சீசன்னு ஒண்ணு இருக்குல்லா?”

“அது இதுல இல்லையே அண்ணாச்சி.”

“அது எப்படிக்கா இதுல இருக்கும்? அது ஊர்ல இருக்கு.”

“நாங்க போறதா இல்ல.”

அவர் வெகுநேரம் மெத்தைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். “ஜூலைக்குப் பொறவு நான் எழுதித் தரணும்லா, அதையும் யோசிச்சிக்கிடுங்க” என்றார். மெத்தைகளை எடுத்துப் போகவும் இல்லை. அவை கூடத்தில் சுவரோரம் அடுக்கியபடி இருந்தன. முழங்காலுக்கு ஏற்ற உயரம் என்று மணியம் அவற்றின்மேல் உட்கார்ந்துதான் பேப்பர் படித்தார்.

வேறு வீடு தேடவில்லை என்று நினைக்க வேண்டாம். தென்காசியில் ஒரு தரகர் எங்கள் அட்டையைப் பார்த்ததும் “ஃபாரின் பார்ட்டியா?” என்றார். வாடகை இரண்டு மடங்காகவும் முன்பணம் பத்து மாதத்துக்கும் ஏறியது. இலத்தூரில் ஒரு நல்ல வீடு, நல்ல மனிதர்கள், ஏழாயிரத்துக்கும் குறைவு. ஆனால் மாடியில். மணியம் கீழே நின்று படிகளை எண்ணிவிட்டு, “ஏறிட்டா எறங்க மாட்டேன், பரவாயில்லையா?” என்றார். திரும்பி வந்துவிட்டோம்.

பேருந்தில் வரும்போது முடிவு செய்தேன். அவர்கள் ஊர் வழக்கம் அவர்களுக்கு. எனக்கு என் காகிதம். மெத்தைக்காகவும் போகமாட்டேன், மகளுக்காகவும் போகமாட்டேன்.

4

சாரல் அந்த ஆண்டு சொன்னபடி வந்தது. மலை மறைந்து, காற்று ஈரமாகி, தெருவில் வேன்கள் நுழையத் தொடங்கின. மொட்டைமாடிச் சுவர்களில் ஈரத் துண்டுகள். எங்கள் வீட்டு வாசல் மட்டும் காலியாக இருந்தது. கடையில் பால் வாங்கப் போனால் பேச்சு நின்றது. “சீசனுக்கு யாராவது வீட்டுல இருப்பாவளா?” என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் எனக்குக் கேட்கும்படி கேட்டாள். அதற்கெல்லாம் அஞ்சுபவளாக இருந்தால் ஆள்குறைப்பில் அழுதிருப்பேன்.

இரண்டாவது சனிக்கிழமை காலை ஒரு வேன் எங்கள் வாசலில் நின்றது. கோவில்பட்டிப் பக்கத்துக் கூட்டம். தலையில் ஏற்கெனவே எண்ணெய் தேய்த்த ஆண்கள், பிரஷர் குக்கரை இடுப்பில் இடுக்கிய பெண்கள், தூங்கி விழும் குழந்தைகள். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் கதவில் சங்கிலியைப் போட்டுவிட்டு இடைவெளியில் நின்றேன். கோமதிநாயகம் பைக்கை ஓரமாகப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

“யக்கா, மானத்த வாங்காதிய. ரெண்டு மாசத்துக்கு முந்தியே அட்வான்சு வாங்கிட்டேன். ரெண்டே ரெண்டு நாளு.”

“யாரக் கேட்டு வாங்குனீங்க அண்ணாச்சி?”

“வருசா வருசம் வாற ஆளுகக்கா!”

வேனில் இருந்து எண்ணெய் வழியும் நெற்றியோடு ஒருவர் இறங்கினார். “என்ன அண்ணாச்சி, வீடு இருக்கா, இல்ல நாங்க இப்படியே திரும்பி ஊருக்குப் போயி தலைய அலசணுமா?”

தெரு பார்த்தது. நான் சங்கிலியை எடுக்கவில்லை. குழந்தைகளும் பெண்களும் பின்பக்கமாக வந்து கழிப்பறையைப் பயன்படுத்திக்கொள்ளலாம், வீடு கிடையாது என்றேன். என் குரல் நான் எதிர்பார்த்ததைவிட உறுதியாக வந்தது. கோமதிநாயகம் தலையில் கைவைத்தார். பிறகு கூட்டத்தைத் திரட்டிக்கொண்டு, ஒட்டியிருக்கும் தன் வீட்டுப் பக்கம் நடந்தார். அவர் வீட்டில் எங்கே இடம் இருக்கும் என்று பார்க்க நானும் பின்னால் போனேன். ஆம், வேண்டுமென்றேதான் போனேன். தன் வீட்டை ஏன் கொடுக்கவில்லை என்று கேட்க ஒரு கேள்வியைத் தயாராக வைத்திருந்தேன்.

அவர் வீட்டுக் கூடம் முழுக்க மதுரைக்காரர்கள் படுத்திருந்தார்கள். படுக்கையறையில் வேறொரு குடும்பம். கோமதிநாயகம் கோவில்பட்டிக் கூட்டத்தை மொட்டைமாடிக்கு ஏற்றினார். அங்கே ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஒரு கட்டில், அடுப்பு, கயிற்றில் துணிகள். மூலையில் அவர் மகளின் நர்சிங் புத்தகங்கள், மழைத்தூவானம் படாமல் பாலித்தீன் போட்டு மூடியபடி. அவர் மனைவி இசக்கியம்மா அவசர அவசரமாகப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சாரல் தொடங்கியதில் இருந்து அவர்கள் குடும்பமே அங்கேதான் இருந்திருக்கிறது.

நான் தயாராக வைத்திருந்த கேள்விக்கு வேலையில்லாமல் போயிற்று.

“என்னக்கா அப்படிப் பாக்கிய?” என்றார் இசக்கியம்மா. “வெளியூருக்காரியத் தொரத்துதோம்னு நெனச்சிட்டியளோ? இந்தத் தெருவுல சீசனுக்கு ஒருத்தனும் அவன் வீட்டுல கெடையாது. எங்க மாமியா மாமனாரு காலத்துல மாட்டுத் தொழுவுல கெடந்தோம். இப்பம் தகரம், அவ்வளவுதான். இந்த மூணு மாச வாடகையிலதான் அவ காலேஜி ஃபீஸு. காயில் கட்டுற காசு கஞ்சிக்குச் சரியாப் போவுது.”

“நீங்க இதச் சொல்லவே இல்லையே?”

“என்னத்தச் சொல்ல? ஊருக்கே தெரியும்.” ஒரு தலையணையை என் கையில் திணித்தார். “சும்மா நிக்காம இத அங்கன போடுங்க.”

போட்டேன். பிறகு கீழே வந்து, கோவில்பட்டிக் கூட்டத்தில் பெண்களையும் குழந்தைகளையும் எங்கள் கூடத்துக்கு வரச் சொன்னேன். மணியம் மெத்தையில் இருந்து எழுந்து கொடுத்தார். அந்த இரண்டு நாள் மட்டும். அதை அழுத்திச் சொல்லித்தான் சங்கிலியை எடுத்தேன்.

5

திங்கட்கிழமை கூட்டம் கிளம்பியதும் அவர்கள் மாடிக்குப் போனேன். இரக்கப்பட்டுப் போனதாக எழுதினால் பொய். ஜூலை முடிய வீடு என்னுடையது, அது கோமதிநாயகத்துக்கும் தெரியும். எனக்கு அடுத்த ஆண்டுக்கு எழுத்து வேண்டும், அது எனக்குத் தெரியும். இரண்டு நாளில் நான் இன்னொன்றையும் பார்த்திருந்தேன். அண்ணாச்சி வீட்டில் தங்கியவர்கள் சுவரெல்லாம் எண்ணெய்க் கை வைத்தார்கள், மோட்டாரை ஓடவிட்டு மறந்தார்கள், இரண்டு தலையணை உறையோடு போய்விட்டார்கள். கேட்க ஆளில்லை. இருபத்தாறு ஆண்டுகள் கிடங்கில் ஒரு பெட்டி கையுறை தொலையவிடாதவள் நான்.

“வெள்ளி, சனி, ஞாயிறு வீட்ட எடுத்துக்குங்க. கெணத்துப் பக்கத்து ரூம் எப்பவும் எங்களுது. மத்த நாள்ல முழு வீடும் எங்களுது. சீசன்ல அந்த வீட்ட நான் பாத்துக்கறேன். வர்றவங்களக் கூப்புடுறது, சுத்தம், மெத்தை, தண்ணி, எல்லாம். வர்ற வாடகையில பாதி எனக்கு. ரெண்டு வருஷத்துக்கு எழுதித் தாங்க.”

“பாதியா!” கோமதிநாயகம் மனைவியைப் பார்த்தார். “கேட்டியா? மலேசியாவுல வாடகைக்காரருக்கு வீட்டுக்காரன் சம்பளம் போட்டுக் குடுப்பான் போலுக்கு.”

“மூணுல ஒண்ணு” என்றார் இசக்கியம்மா, அடுப்பில் இருந்து திரும்பாமல். “போன வருசம் பாத்துக்கிடுததுக்கு வச்சவன் மோட்டாரையே எரிச்சிட்டுப் போனான். நீங்களே காயில் கட்டுனிய. அக்காவுக்கு மூணுல ஒண்ணு குடுங்க.”

“சனி, ஞாயிறு ஒரு நாளைக்கு ஆறாயிரம்ட்டி! அதுல மூணுல ஒண்ணா?”

“பின்ன, சங்கிலி போட்ட கதவுக்கு எவன் ஆறாயிரம் தாறான்?”

அன்று மாலையே தென்காசிக்குப் போய் முத்திரைத்தாள் வாங்கினோம்.

அடுத்த வாரம் சனிக்கிழமை கவிதா காணொளியில் அழைத்தாள். நான் கூடத்தில் நின்று, எண்ணெய்த் தலையோடு மெத்தையில் உட்காரப் போன ஒருவரை எழுப்பிக்கொண்டிருந்தேன்.

“அம்மா, யாரு இவங்கல்லாம்?”

“வாடகைக்கு வந்தவங்க. விருதுநகர்.”

“அப்பா எங்க?”

“பின்னாடி ரூம்ல.”

“பின்னாடி ரூம் வேணாம்னுதானேம்மா எங்கிட்ட சொன்னீங்க?”

சரியான கேள்வி. கூட்டத்தை விட்டு விலகிக் கிணற்றடிக்குப் போய்ப் பதில் சொன்னேன். “உன் வீட்டுப் பின்னாடி ரூம்ல நீ வச்ச எடத்துல நான் இருக்கணும் கவிதா. இங்க அந்த ரூம நான் பேசி வாங்குனேன். மொத்த வீட்டுச் சாவியும் என் கையில இருக்கு. இந்தத் தெருவுல எல்லாரும் வீட்ட விட்டு எறங்கித்தான் சம்பாதிக்கிறாங்க. நானும் சம்பாதிக்கிறேன். ரெண்டு வருஷ அக்ரிமெண்ட் அனுப்பியிருக்கேன், பாத்தியா?”

“பாத்தேன். அதுல சீசன்ல வெள்ளி, சனி, ஞாயிறு வீடு அவங்களுதுன்னு இருக்கு. அது வீடா?”

“ஆமா, அதுதான் வீடு. சீசன் பங்குல இங்க நாலஞ்சு மாச வாடகை வந்துரும். நீ கையெழுத்து போட்டா சௌகரியம். போடலன்னா சேமநிதியில கொஞ்சம் எடுப்போம், மீனக் கொறைப்போம். ரெண்டுக்கும் கணக்குப் போட்டு வச்சிட்டேன். ரெண்டுலயும் இங்கதான் இருப்போம்.”

“அப்பாகிட்ட குடுங்க.”

மணியத்திடம் கொடுத்தேன். அவரைத் தாஜா செய்து இழுத்துவிடலாம் என்று அவள் நினைத்திருக்கலாம். அவர் சொன்னது எனக்குக் கேட்டது. “இங்க வாரத்துக்கு மூணு நாளு இருபது பேரு என்கிட்ட பேசுறாங்கம்மா. அங்க நீங்க எல்லாரும் வேலைக்குப் போயிடுவீங்கலா.”

ஒன்பது நாள் அவளிடமிருந்து எதுவும் இல்லை. நான் கேட்கவும் இல்லை. மீனைக் குறைத்து ஒரு மாதத் திட்டம் எழுதி வைத்தேன். அதில் சந்தோஷம் எதுவும் இல்லை, ஆனால் பயமும் இல்லை. பத்தாம் நாள் கிள்ளான் வீட்டு ஒப்பந்தம் அவள் கையெழுத்தோடு மின்னஞ்சலில் வந்தது. கீழே ஒரு வரி: “டிசம்பர் லீவுல நாங்க மூணு பேரும் வர்றோம். அப்ப உங்க வீட்ல எடம் இருக்குமா, இல்ல அதையும் வாடகைக்கு விட்டுருவீங்களா?”

டிசம்பரில் சீசன் கிடையாது, மூன்று பேருக்கும் சாதா வாடகைதான் வாங்குவேன் என்று பதில் அனுப்பிவிட்டு, வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு மெத்தைகளை விரிக்கப் போனேன்.